உடலைப் படித்தவர்கள் (19): வெள்ளை நாளங்களின் நெடும்பயணம்

சென்ற இதழில் வில்லியம் ஹார்வியோடு நிறுத்தியிருந்தோம். இதயம் தள்ளும் இரத்தம் தமனி வழியே போய்ச் சிரை வழியே திரும்புகிறது என்று 1628இல் அவர் நிறுவினார். அதற்கு ஓராண்டு முன்னால், 1627இல், மிலான் நகரத்தில் இன்னொரு நூல் அச்சேறியிருந்தது. அதை எழுதிய காஸ்பாரே அசெல்லிக்கு அந்நூலை அச்சில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் இறந்தபின் நண்பர்கள் பொறுப்பெடுத்து வெளியிட்டார்கள். ஹார்வியின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். அசெல்லியின் பெயரை மருத்துவர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உடலுக்குள் ஓடும் இரண்டாவது ஓட்டத்தைக் கண்டவர் அவர்தான். இரத்த ஓட்டத்துக்குக் கிடைத்த மரியாதை அந்த ஓட்டத்துக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

1622ஆம் ஆண்டு ஜூலை 23. அன்று அசெல்லியின் நோக்கமே வேறு. குரல்வளைக்குப் போகும் நரம்புகளையும், மூச்சுவிடும்போது உதரவிதானம் அசைவதையும் நண்பர்களுக்குக் காட்ட, உயிருள்ள நாய் ஒன்றை அறுத்தார். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அந்தக் காலத்து உடற்கூறு அறிவில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வதையில் விளைந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. நரம்புகளைக் காட்டி முடித்தாயிற்று. உதரவிதானம் தெரிவதற்காகக் குடலையும் இரைப்பையையும் கீழே இழுத்துப் பிடித்தார். குடலைத் தாங்கி நிற்கும் சவ்வு முழுக்க மெல்லிய வெண்ணிற இழைகள் கிளைபரப்பி ஓடிக்கொண்டிருந்தன. முதலில் நரம்பு என்றே நினைத்தார். சந்தேகம் விடவில்லை. கூரான கத்தியால் ஓர் இழையைக் கீறினார். பால்போல வெள்ளைத் திரவம் வழிந்தது. நரம்பிலிருந்து பால் வழியாது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நாய் இறந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழைகள் மங்கி மறைந்துபோயின. இன்னொரு நாயை அறுத்தார், ஒன்றும் காணோம். வேறொருவராக இருந்தால் கண் ஏமாற்றியது என்று விட்டிருப்பார். அசெல்லி உட்கார்ந்து யோசித்தார். முதல் நாய் வயிறு நிறையத் தின்றிருந்தது, இரண்டாவது பட்டினி. நன்றாகத் தீனி போட்ட நாயை அடுத்து அறுத்தபோது வெள்ளை இழைகள் மறுபடி தோன்றின. பிறகு பூனை, ஆடு, பன்றி, குதிரை என்று ஒவ்வொன்றிலும் தேடிப் பார்த்து உறுதிசெய்தார். தற்செயலாகக் கண்ணில் பட்டது ஒரு நாள் அதிர்ஷ்டம். மறைந்துபோனது ஏன் என்று கேட்டுத் திரும்பப் பிடித்ததுதான் அறிவியல். உணவிலுள்ள கொழுப்பு குடலிலிருந்து இந்த நாளங்கள் வழியாகத்தான் ஏறுகிறது. அதனால்தான் உண்ட சில மணி நேரத்துக்கு அவை பால்நிறம் கொள்கின்றன. பட்டினி கிடந்தால் நீர்போலத் தெளிந்துவிடுவதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அவருடைய நூலில் நாளங்களை வேறுபடுத்திக் காட்டும் வண்ண மரச்செதுக்குப் படங்கள் இருக்கின்றன. அச்சிட்ட உடற்கூறியல் நூல்களில் வண்ணப்படம் வந்தது அதுவே முதல்முறை. ஒரு தவறும் அந்நூலில் இருக்கிறது. வெள்ளை நாளங்கள் எல்லாம் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன என்று எழுதிவிட்டார். உணவிலிருந்து இரத்தத்தைச் சமைப்பது கல்லீரல்தான் என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் தீர்ப்பு. அதை மீறி நினைக்க அவராலும் முடியவில்லை. மனித உடலில் இவை உண்டா என்ற கேள்விக்குப் பிரான்ஸின் எக்ஸ் நகரத்தில் விடை கிடைத்தது. மரண தண்டனை பெற்ற ஒருவனுக்கு வயிறார உணவு கொடுத்துத் தூக்கிலிட்டு, உடனே வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளை நாளங்கள் இருந்தன.

கல்லீரலின் மதிப்பைக் குலைத்தவர் ஒரு மாணவர். ழான் பெக்கே என்ற இளைஞர் ஒரு நாயின் இதயத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தபோது, அருகில் இருந்த பெருஞ்சிரையிலிருந்து வெள்ளையாக ஏதோ வடிவதைக் கண்டார். சீழ் என்று எண்ணினார். பிறகு அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டே மேலும் கீழும் தேடினார். வெள்ளை நாளங்கள் முதுகெலும்புக்கு முன்னால் ஒரு சிறு பையில் கூடுகின்றன. அங்கிருந்து ஒரே குழாயாக நெஞ்சுக்குள் மேலேறி, கழுத்தடியில் சிரையோடு கலக்கின்றன. கல்லீரல் பக்கம் அவை எட்டிப்பார்ப்பதே இல்லை. 1651இல் அவர் இதை வெளியிட்டார். நெஞ்சுக்குழாய் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். இடது காறை எலும்புக்குப் பின்னால் அது சிரையில் சேரும் அந்தச் சின்ன இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கைவைத்தியம் அங்கேதான் தொடங்குகிறது.

அதன்பின் நடந்தது பெரிய சண்டை. சுவீடனில் ஓலோஃப் ருட்பெக் என்ற இளைஞர், குடலில் மட்டுமல்லாமல் உடலின் மற்றப் பகுதிகளிலும் இப்படி நாளங்கள் இருக்கின்றன, அவற்றில் ஓடுவது பால் அல்ல, தெளிந்த நீர் என்று கண்டறிந்தார். 1652இல் உப்சாலா கோட்டையில் அரசி கிறிஸ்டினாவின் முன்னிலையில் அதை அறுத்தும் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான். ஆனால் அச்சில் வரத் தாமதமாயிற்று. அதற்குள் கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்த தாமஸ் பார்த்தொலின் அதே நாளங்களைக் கண்டு, 1653இல் நூல் வெளியிட்டு, நிணநீர் நாளங்கள் என்று பெயரும் சூட்டிவிட்டார். ருட்பெக்கின் நூலும் அதே ஆண்டில் வந்தது. யார் முதலில் என்று இரு தரப்பும் ஏசிக்கொண்டு துண்டறிக்கைகள் எழுதின. என் கணக்கில் கண்ட பெருமை ருட்பெக்குக்கு, உலகுக்கு உணர்த்திய பெருமை பார்த்தொலினுக்கு. இரத்தம் சமைக்கும் பதவியை இழந்த கல்லீரலுக்குப் பார்த்தொலின் ஒரு கல்லறை வாசகமே எழுதி அச்சிட்டார். ருட்பெக்கோ மனம் சலித்து உடற்கூறியலை விட்டுச் செடிகொடிகள் பக்கம் போய்விட்டார். பிற்காலத்தில், மூழ்கிப்போன அட்லாண்டிஸ் என்பது சுவீடன்தான் என்று பல பாகங்களில் நூல் எழுதினார். அவ்வளவு கூர்ந்த கண் அந்தத் திசையில் போனதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வருத்தம் ஹார்வியைப் பற்றியது. கேலனை மறுத்துப் பேசியதற்காக வசவு வாங்கிய அதே மனிதர், அசெல்லியையும் பெக்கேயையும் கடைசிவரை ஏற்கவில்லை. ஓர் ஓட்டத்தைக் கண்டவருக்கு இரண்டாவது ஓட்டம் தேவையற்றதாகப் பட்டது.

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் வரைபடம் நிறைந்தது. நெதர்லாந்தில் ஃபிரெடெரிக் ரைஷ், நாளங்களுக்குள் ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் வால்வுகள் இருப்பதை 1665இல் காட்டினார். பாதரசத்தை நாளத்துக்குள் செலுத்தினால் வெள்ளிக் கம்பிபோலத் துலங்கும் என்ற உத்தியை லைடன் நகரத்து ஆண்டன் நுக் கொண்டுவந்தார். அந்த உத்தியைக் கையில் எடுத்து, தலை முதல் கால்வரை மனித உடலின் நிணநீர் நாளங்களை வரைந்து 1787இல் வெளியிட்டவர் இத்தாலியின் பாவ்லோ மஸ்கான்யி. மூளையைப் போர்த்தியுள்ள உறையிலும் நிணநீர் நாளங்கள் உண்டு என்று அவர் எழுதியிருந்தார். யாரும் நம்பவில்லை. மூளையில் நிணநீர் நாளம் கிடையாது என்றே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடந்தது.

இந்த நாளங்கள் உடலில் செய்யும் வேலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. இரத்தக் குழாய்களில் மிக நுண்ணிய தந்துகிகளின் சுவர் வழியே நீரும் கொஞ்சம் புரதமும் எந்நேரமும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கின்றன. செல்களுக்கு உணவு போய்ச்சேர அந்தக் கசிவு வேண்டும். ஆனால் கசிந்தது திரும்பாவிட்டால் உடம்பு ஊதிவிடும். 1890களில் லண்டனில் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் போட்ட கணக்கை வைத்து, கசிந்த நீரில் பெரும்பகுதியைச் சிரைப்பக்கத் தந்துகிகளே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன, மிச்சம்மீதிதான் நிணநீருக்கு என்று ஒரு நூற்றாண்டு காலம் பாடநூல்கள் எழுதின. அண்மைக்கால ஆய்வுகள் அந்தக் கணக்கைத் திருத்திவிட்டன. பெரும்பாலான திசுக்களில் கசிந்த நீர் ஏறக்குறைய முழுவதும் நிணநீர் நாளங்கள் வழியாகவே திரும்புகிறது. நாளொன்றுக்கு அது எட்டு லிட்டர் வரை இருக்கும் என்பது இப்போதைய மதிப்பீடு. நம் உடலிலுள்ள இரத்த நீரின் மொத்த அளவே சுமார் மூன்று லிட்டர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த ஓட்டத்தின் பெருமை புரியும்.

இதற்கென்று தனி இதயம் கிடையாது. நாளங்களின் சுவரிலுள்ள மெல்லிய தசை சில நொடிகளுக்கு ஒருமுறை சுருங்கி, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு நீரைத் தள்ளுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை பிசைவதும், மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் அழுத்தம் மாறுவதும் அதற்குத் துணை. வழியில் நிணநீர் முடிச்சுகள் காவல் நிற்கின்றன. காலில் முள் குத்திப் புண் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது புண்ணிலிருந்து வரும் கிருமிகளோடு அந்த முடிச்சு போராடுவதன் அடையாளம். நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளும் இடமும் அதுதான். புற்றுநோய்ச் செல்கள் பரவுவதற்கும் இதே வழி பயன்படுவதால், அறுவை மருத்துவர்கள் முடிச்சுகளை எடுத்துவிடுகிறார்கள். அங்கே தொடங்குகிறது இன்னொரு துன்பம்.

அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பெரும் அறுவையை நிலைநாட்டினார். மார்பகம், அதன் அடியிலுள்ள தசை, அக்குளின் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றுவது அவர் முறை. அதனால் பல பெண்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கை வீங்கியது. சிலருக்கு அந்தக் கை யானைக்கால்போல ஆயிற்று. 1921இல் ஹால்ஸ்டெட்டே அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அறுவையால் வந்த யானைக்கை என்றே அதற்குப் பெயர் வைத்தார். ஆனாலும் மருத்துவ உலகம் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிர் தப்பியதே பெரிது, கை வீங்கினால் என்ன என்ற மனப்போக்கு வெகுகாலம் நீடித்தது. சேலைக்கு ரவிக்கை தைக்க முடியாமல், சமையல் பாத்திரம் தூக்க முடியாமல் தவிக்கும் பெண்ணிடம் இன்றும் அந்தப் பதிலைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

வழி தெரியாமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் அறுவைப் பேராசிரியராக இருந்த ஆஸ்திரியர் அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர், யானைக்கால் வீக்கத்தைப் பற்றி 1892இல் எழுதிய நூலில் தெளிவாகவே சொல்லியிருந்தார். உறுப்பை உயர்த்தி வையுங்கள், தோலைச் சுத்தமாகக் காத்திடுங்கள், இதமாக நீவிவிடுங்கள், அழுத்திக் கட்டுங்கள், உடற்பயிற்சி கொடுங்கள். இன்றைய சிகிச்சையின் எல்லா அங்கங்களும் அதில் இருக்கின்றன. அவருக்குப் பின் அதைத் தூக்கிப்பிடிக்க ஆளில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து அந்த நீவலை வேறொரு வழியில் கண்டெடுத்தவர்கள் மருத்துவர்களே அல்ல. எமில் வாட்டர் 1896இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். மருத்துவம் படிக்கத் தொடங்கி, பட்டம் பெறும் முன்பே நிறுத்திவிட்டு, பிறகு தத்துவத்தில் முனைவரானார். மனைவி எஸ்ட்ரிட் இயற்கை மருத்துவம் தெரிந்தவர். 1932வாக்கில் இருவரும் பிரான்ஸின் தென்கடற்கரையில் கான் நகரத்தில் உடல் பிடித்துவிடும் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் வந்தவர்களில் பலர் ஆங்கிலேயர்கள். தங்கள் நாட்டின் ஈரக் குளிரில் தீராத சளியும் மூக்கடைப்பும் பிடித்து, வெயில் தேடி வந்தவர்கள். அவர்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தபோது முடிச்சுகள் கெட்டியாக வீங்கியிருப்பது வாட்டரின் விரலுக்குத் தெரிந்தது. நெறி கட்டிய இடத்தைத் தொடக்கூடாது என்பதுதான் அன்றைய மருத்துவ விதி. வாட்டர் தொட்டார். ஆனால் அழுத்தவில்லை. தோல் மட்டும் நகரும்படி, விரல்களால் மெல்ல வட்டமிட்டு, காறை எலும்பை நோக்கி நீவினார். சளி இளகியதாக நோயாளிகள் சொன்னார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து அந்த அசைவுகளை ஒவ்வொன்றாக வகுத்தார்கள். 1936இல் பாரிஸில் உடல்நலமும் அழகும் குறித்த கண்காட்சியொன்றில் அறிமுகம் செய்தார்கள்.

அழகுக் கலைஞர்கள் உடனே வரவேற்றார்கள். மருத்துவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த முறையின் மீது இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கும் குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் சொன்னார் என்பதற்காக ஒரு தரப்பு ஒதுக்கியது. முகப்பொலிவுக்கு உதவும் என்பதற்காக இன்னொரு தரப்பு அள்ளிக்கொண்டது. வீங்கிய கையோடு இருந்த பெண்ணை இரண்டு தரப்பும் பார்க்கவில்லை.

திருப்பம் ஜெர்மனியில் வந்தது. 1960களில் யோஹான்னஸ் ஆஸ்டோங்க் என்ற மருத்துவர் வாட்டரின் முறையைக் கேள்விப்பட்டு, நேரில் கற்று, தன் நோயாளிகளிடம் செய்து பார்த்தார். யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்று மருத்துவக் கண்ணோடு வரையறுத்தவர் அவர்தான். 1970களில் ஜெர்மனியின் மருத்துவக் காப்பீடு இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. அதே காலத்தில் ஹங்கேரியிலிருந்து மிகாயேல் ஃபெல்டி ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். செகெட் நகரத்தில் நிணநீரையே தன் ஆய்வுப்பொருளாகக் கொண்டிருந்தவர், கழுத்து நிணநீர் நாளங்களைக் கட்டிவிட்டால் விலங்குகளின் மூளையில் நீர் கோப்பதைக் காட்டியவர். அவரும் மருத்துவரான அவர் மனைவி எதெல்காவும் கருங்காட்டு மலைப்பகுதியில் ஹின்டர்சார்ட்டன் என்ற ஊரில் நிணநீர் நோய்களுக்கென்றே ஒரு மருத்துவமனையை நடத்தினார்கள். வாட்டரின் நீவலை மட்டும் தனியே செய்வதில் பயன் குறைவு என்பதை ஃபெல்டி கண்டார். வினிவார்ட்டர் எண்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னவற்றில் நான்கை ஒன்றாகப் பிணைத்தார்: நீவல், அழுத்தக் கட்டு, தோல் பராமரிப்பு, கட்டோடு செய்யும் உடற்பயிற்சி. உலகெங்கும் இன்று நிணநீர் வீக்கத்துக்கு அடிப்படைச் சிகிச்சை இதுவே.

வலது பக்கம் அறுவை நடந்து கை வீங்கிய ஒரு பெண்ணுக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். வீங்கிய கையைச் சிகிச்சையாளர் முதலில் தொடுவதே இல்லை. எண்ணெயும் கிடையாது, எண்ணெய் இருந்தால் விரல் வழுக்கும், தோலைப் பிடித்து நகர்த்த முடியாது. இரண்டு காறை எலும்புகளுக்கும் மேலுள்ள குழியில் விரல்களைத் தட்டையாக வைத்து, தோலை மெல்ல இழுத்து வட்டமிட்டு விடுகிறார். இழுப்பது ஒரு நொடி. பிறகு கையை எடுக்காமலே தளர்த்துகிறார், தோல் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு முறை. அடுத்து நலமாக இருக்கும் இடது அக்குள். பிறகு வலது தொடையிடுக்கு. அதன்பின் நெஞ்சின் குறுக்காக, வலப்பக்கத்து நீர் இடது அக்குளை நோக்கிப் போகும்படி பாதை திறக்கிறார். இவ்வளவும் ஆனபிறகுதான் மேற்கை, பிறகு முழங்கை, முன்கை, கடைசியில் விரல்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நீரைத் தோளை நோக்கியே தள்ளுகிறார். தண்ணீர் தேங்கிய வயலை வடிப்பவர் வடிகால் வாய்க்காலின் அடைப்பை முதலில் எடுத்துவிட்டுத்தான் வரப்பை வெட்டுவார். இங்கே வரிசை அமைந்திருப்பதும் அந்தக் காரணத்துக்காகத்தான்.

இத்தனை மென்மையாக ஏன்? தோலுக்கு அடியிலுள்ள தொடக்க நாளங்களின் சுவர், ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. அந்தச் செல்களை நுண்ணிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு கட்டிவைத்திருக்கின்றன. தோல் இழுபடும்போது இழைகளும் இழுபட்டு, செல்களுக்கிடையே வாய் திறக்கிறது, நீர் உள்ளே போகிறது. ஓங்கி அழுத்தினால் நாளமே நசுங்கிவிடும். ஒளிரும் சாயத்தைத் தோலில் செலுத்திக் கேமராவில் பார்க்கும் முறை இந்த நூற்றாண்டில் வந்தபிறகு, நீவியபின் நாளங்கள் விரைந்து சுருங்கி நீரைத் தள்ளுவதை நேரடியாகவே பார்க்க முடிந்தது. முக்கால் மணி நேரம் நீவி முடித்ததும் கட்டுப் போடுகிறார்கள். விரல் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கட்டு, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் அதிகம் இழுபடாத தடித்த துணி. கட்டு இல்லாவிட்டால் வடிந்த நீர் மறுநாளே திரும்பிவிடும். வீக்கம் வற்றியபின் அளவெடுத்துத் தைத்த அழுத்தக் கையுறையை நாள்தோறும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பலன்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுமம், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப்பின் வரும் கைவீக்கம் பற்றி 2015இல் வெளியிட்ட அறிக்கையில் ஆறு ஆய்வுகளை அலசியிருக்கிறது. அழுத்தக் கட்டு மட்டும் போட்டவர்களுக்கே வீக்கம் 30 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. நீவலையும் சேர்த்தவர்களுக்கு அதற்குமேல் 7 சதவீதம் அளவில் கூடுதலாகக் குறைந்தது. வீக்கம் முற்றாத ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்குப் பலன் அதிகம். அதாவது பாரத்தைத் தூக்குவது கட்டுதான், நீவல் துணைநிற்கிறது. அந்த ஏழு சதவீதத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. மோதிரம் மறுபடி விரலில் ஏறுவது அந்த அளவில்தான் இருக்கிறது.

வாட்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் இப்படிச் சான்று கிடைத்துவிடவில்லை. உடலின் நஞ்சை வெளியேற்றும், எடையைக் குறைக்கும், முகத்தை மெலியவைக்கும் என்று இன்று அழகு நிலையங்களில் விற்கப்படும் வாக்குறுதிகளுக்கு ஆதாரம் இல்லை. நலமான உடலில் நிணநீர் தானே ஓடிக்கொண்டிருக்கிறது. நடையும் ஆழ்ந்த மூச்சும் அதற்குப் போதும். சிலருக்கு இந்த நீவல் ஆபத்தாகவும் முடியும். தோல் சிவந்து சூடேறிக் குளிர்காய்ச்சல் அடிக்கும்போதும், கால் சிரையில் இரத்தம் கட்டியிருக்கும்போதும், இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்திருக்கும்போதும் செய்யவே கூடாது.

மஸ்கான்யிக்கு நியாயம் கிடைத்தது 2015இல். மூளையுறையில் நிணநீர் நாளங்கள் இருப்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் பின்லாந்தின் ஹெல்சின்கியிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. 228 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதியது வீண்போகவில்லை. மூளைக்கழிவு வெளியேறுவதில் இவற்றின் பங்கு, முதுமை மறதி நோயோடு இவற்றுக்குள்ள தொடர்பு என்று ஆய்வுகள் இப்போது பல திசைகளில் நடக்கின்றன.

நம் பக்கம் நிணநீர் என்றாலே யானைக்கால்தான். அதை உண்டாக்கும் நூற்புழுவின் குஞ்சுகளை 1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனித இரத்தத்தில் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். வளர்ந்த புழுக்கள் குடியிருப்பது நிணநீர் நாளங்களுக்குள்ளேயே. நாளம் விரிந்து, வால்வு கெட்டு, கால் வீங்குகிறது. இலங்கை இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதை உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றுக்கொண்டது. இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது. மருந்து புழுவைக் கொல்லும். கெட்டுப்போன நாளத்தைத் திருப்பித் தராது. ஏற்கனவே கால் வீங்கியவர்களுக்கு நாள்தோறும் சோப்பால் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, வெடிப்புக்கு மருந்திட்டு, காலை உயர்த்தி வைத்துப் படுப்பதுதான் பெரிய சிகிச்சை. அப்படிச் செய்தால் அடிக்கடி வரும் குளிர்காய்ச்சல் குறைகிறது, வீக்கம் மேலும் ஏறாமல் நிற்கிறது. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் நோயாளிகள் கூடிச் சங்கங்கள் அமைத்து இதை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துச் செய்துகாட்டினார்கள். செலவு என்று பார்த்தால் ஒரு சோப்பும் ஒரு துண்டும்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையோ கதிர்வீச்சோ பெற்ற பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். கை கனப்பது, வளையல் இறுகுவது, மாலையில் விரல் மடக்கச் சிரமப்படுவது இவை தொடக்க அறிகுறிகள். சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். அந்த நிலையிலேயே நிணநீர் வீக்கத்துக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் போனால் கையைக் காப்பாற்றலாம். எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். மருத்துவர் உயிர் பிழைத்ததே பெரிது என்று சொல்லி அனுப்பினால், அதோடு திரும்பி வந்துவிடாமல், வீக்கத்துக்கு யாரிடம் போவது என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

(அடுத்த இதழில்: தந்துகிகளைத் தவளையின் நுரையீரலில் கண்ட மால்பீகி)